அயலை ஈடு வைத்த கடன்

2018இல் அரசு அறிவித்த நுண்கடன் தள்ளுபடித் திட்டத்தை ஒட்டிச் சில வாரங்களாக எமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே திகதியைப் பற்றியவை. ‘ஜூன் 30 கடந்துவிட்டது, இனி விண்ணப்பிக்க முடியாதா?’ என்று முல்லைத்தீவிலிருந்து ஒருவர் கேட்டார். ‘தவணை கட்டுவதை இப்போது நிறுத்தினால் கடன் தள்ளுபடியாகுமா?’ என்று சாவகச்சேரியிலிருந்து இன்னொருவர். 2018 ஜூன் 30 விண்ணப்ப முடிவுத் திகதி அல்ல. அந்த நாளில் மூன்று மாதமோ அதற்கு மேலோ தவணை தவறியிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களே தள்ளுபடிக்கு உரியவையாக இருந்தன. கடன் பெண்ணின் பெயரில் இருக்கவேண்டியிருந்தது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் உட்பட 12 மாவட்டங்களுக்கு இது பொருந்தியது. அந்த நாளுக்குப் பின் தவணையை நிறுத்துபவருக்கு இதில் இடமில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அறிவித்த இந்தத் திட்டத்துக்கு அரசு சூட்டிய பெயர், வறட்சியால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான நிவாரணம். வறட்சி பொய்யல்ல, 2016இலும் 2017இலும் வன்னியின் குளங்கள் வற்றின. ஆனால் மழை பெய்திருந்தால் இந்தக் கடன் வந்திராது என்று அந்தப் பெயர் சொல்கிறது. இதை ஏற்க முடியாது. போரின் முடிவில், 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெறுங்கையோடு வெளியேறிய குடும்பத்திடம் அடகு வைக்க நகைகூட இருக்கவில்லை. மீள்குடியேறியபின் இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தது. சீமெந்தும் கூலியும் அந்தத் தொகையைத் தாண்டியபோது, கூரைக்கும் கதவுக்கும் பலர் கடன்பட்டார்கள். ஏ9 வீதியோரம் வரிசையாகத் திறந்த நிதிக் கம்பனிகளின் கிளைகளை அரசின் ‘வடக்கின் வசந்தம்’ திட்டக் காலத்து உரைகள் அபிவிருத்தியின் அடையாளமாகக் காட்டின. தனியார்துறை வந்தால் வாழ்வாதாரம் வரும், வாழ்வாதாரம் வந்தால் நல்லிணக்கம் வரும் என்பது அன்றைய கணக்கு.

எந்தத் தனியார்துறை, எதை ஈடாக எடுத்துக்கொண்டு வந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

நகையும் காணி உறுதியும் இல்லாதவருக்குக் கம்பனி எப்படிக் கடன் கொடுத்தது? ஒரே ஒழுங்கையைச் சேர்ந்த சில பெண்களை ஒரு குழுவாக்கியது. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் பிணை என்று கையெழுத்திட்டார்கள். கிழமைக்கொரு நாள் ஒருவரின் முற்றத்தில் கூட்டம். வசூலிப்பவர் வருவார். ஒருவர் காசு கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் சேர்த்துக் கட்டவேண்டும். கட்டி முடியும்வரை யாரும் எழும்பிப் போக முடியாது. முகம்மது யூனுஸ் பங்களாதேஷில் தொடங்கி, 2006இல் கிராமீன் வங்கியோடு சேர்ந்து சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற முறையின் வழிவந்தது இது. முறையில் கெட்டித்தனம் இருக்கிறது. எவள் உழைப்பாளி, எவளின் புருஷன் குடிக்கிறான், எவளின் ஆடு சினையாக இருக்கிறது என்பதெல்லாம் வங்கி முகாமையாளருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். அந்த அறிவைக் கம்பனி காசில்லாமல் பெற்றுக்கொள்கிறது. கடன் திரும்பாத ஆபத்தையும் அவளின் தலையிலேயே வைக்கிறது. கிராமீன் வங்கியின் பெரும்பங்கு அதன் கடனாளிகளுக்கே சொந்தம். லாபம் அவர்களிடம் திரும்பலாம். இங்கே வந்த கம்பனிகளோடு முறை மட்டும் வந்தது, உடைமை வரவில்லை.

போர் முடிந்த ஊருக்கு இது ஏன் ஆகாது? மீள்குடியேறிய கிராமத்தில் மிஞ்சியிருந்த ஒரே முதல் அயல்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, சுகமில்லாதபோது கஞ்சி கொண்டுவர, சீட்டுப் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் அயல். பலர் வேறு வேறு இடங்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புதிதாகப் பழகிய அயல் அது. அதையே ஈடாக எடுத்தபின், ஒரு தவணை தவறினால் கம்பனி நட்டப்படுமுன் அயல்தான் உடைகிறது. ஒருத்திக்காக மூன்று கிழமை கட்டியவள் நான்காவது கிழமை அவளின் படலையில் நின்று சத்தம் போடுகிறாள். கம்பனிக்காரர் வீதியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார்.

தள்ளுபடித் திட்டத்தின் ஓட்டையும் இங்கேதான். குழு கட்டிவிட்டால் கம்பனியின் புத்தகத்தில் நிலுவை இல்லை. புத்தகத்தில் நிலுவை இல்லாதவருக்கு நிவாரணமும் இல்லை. இரண்டாவது கம்பனியில் வாங்கி முதலாவதைக் கட்டியவரும் ஒழுங்காகக் கட்டியவராகவே எழுதப்படுவார். திறைசேரியின் பணம் கம்பனியின் கணக்கைத் தீர்க்கும். இரண்டு பெண்களுக்கு இடையிலுள்ள கணக்கு அப்படியே கிடக்கும்.

வட்டியையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 50,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்று சொல்லி 62,000 ரூபாவை 52 கிழமைகளில் வசூலித்தால், உண்மையான ஆண்டு வட்டி 24 அல்ல; 40ஐத் தாண்டும். முதலின் பாதியை நீங்கள் திருப்பிக் கொடுத்தபின்னும் முழுத்தொகைக்கும் வட்டி ஓடுவதுதான் காரணம். அரசு 2018இல் சொன்ன 35 சதவீத உச்சவரம்பைக் கேட்டு ஆறுதலடையுமுன், எந்த முறையில் கணக்கிட்ட வட்டி என்று எழுத்தில் கேளுங்கள். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, 220 சதவீதம் வரையான வட்டிகளைப் பற்றிப் பேசினார்.

அப்படியென்றால் வணிகமே வேண்டாமா என்று ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். வேண்டும். பால் சேகரிக்கும் நிலையம் ஒன்று காலையில் அளந்து, கொழுப்பைப் பார்த்து, சொன்ன நாளில் காசு கொடுத்தால், என் மாடு வற்றினால் நட்டம் எனக்கு. பக்கத்து வீட்டுக்காரியை யாரும் பிடிப்பதில்லை. பூநகரிப் பக்கத்து நண்டு வாங்குபவரும் அப்படித்தான், விலையை ஒளிக்காதவரை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்த ஆடைத் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் கொடுக்கின்றன. சிறுபிள்ளையோடு தனித்த தாய்க்குத் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏற முடியுமா என்பது வேறு கேள்வி. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்திலும் அயலவர்தான் பிணை நிற்கிறார்கள், ஆனால் வட்டி ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. தவணையைத் தள்ளிப்போடும் அதிகாரம் அங்கத்தவர் கூட்டத்திடம் இருக்கிறது. உள்ளூர் முதலாளிகள் வடக்குக்கு உண்மையாக உதவ விரும்பினால், நட்டத்தில் தங்கள் பங்கைத் தாங்களே ஏற்கட்டும். முன்கூட்டியே விலை பேசி வாங்கட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பிலிடட்டும்.

அந்தக் கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள்:

ஏற்கனவே கட்டிய தவணை திரும்பி வருமா? தள்ளுபடி நிலுவைக்கு மட்டும்.

லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள்? இது நுண்கடனுக்கான திட்டம்.

கணவர் பெயரில் எடுத்த கடன்? இல்லை.

என் பெயர் சேர்ந்ததா என்று எப்படி அறிவது? கடன் தந்த கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரவில் வீட்டுக்கு வந்து மிரட்டுகிறார்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்காக ஆறு தவணை கட்டிய அக்காவுக்கு இந்தக் காசில் ஏதும் கிடைக்குமா? கிடைக்காது. உங்கள் கடன் தள்ளுபடியானால், கம்பனிக்குக் கட்டியிருக்கவேண்டியதிலிருந்து கிழமைக்குக் கொஞ்சமாக அவருக்குக் கொடுங்கள்.