முதலில் அது யார் ரோடு?

நடைபாதையில் வடிகால் ஸ்லாப் உடைந்து கிடக்கிறது. ஒருவர் போட்டோ எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். எல்லோரும் கோபப்படுகிறார்கள். கவுன்சிலருக்கு போன் போகிறது, "பார்த்துக்கலாம்" என்கிறார். அதோடு சரி. விவரமானவர்கள் மாநகராட்சிக்கு மனு எழுதுகிறார்கள். மாதங்கள் கழித்து, "இது நெடுஞ்சாலைத் துறை சாலை" என்று ஒரு வரி பதில் வருகிறது. பல சமயம் அதுவும் வருவதில்லை.

சட்டத்தில் குறையில்லை. நல்ல நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவும் இருக்கிறது: தரம் தவறிய சாலையால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இருந்தும் ஸ்லாப் உடைந்தபடியே கிடக்கிறது. காரணம், மனு போய்ச் சேரும் இடம் தப்பு.

ஆகவே முதல் வேலை, அது யார் ரோடு என்று தெரிந்துகொள்வது. ஊருக்குள் ஓடினாலும் அது மாநில நெடுஞ்சாலையாக இருக்கலாம். அப்படியானால் மனு நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கு. தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு என்றால் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு. உட்புறத் தெருக்கள் மாநகராட்சி, நகராட்சி ஆணையர் பொறுப்பு. தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். தவறான அலுவலகத்துக்கே போட்டாலும், 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

மனுவில் புலம்பல் வேண்டாம், அளவு வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நடைபாதை விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. டேப்பை வைத்து, பக்கத்து மின்கம்பத்தின் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். "பிள்ளையார் கோயில் எதிரில்" என்று எழுதினால் எந்தப் பிள்ளையார் என்று கேட்டே காலத்தைக் கடத்துவார்கள். கம்ப எண்ணிடம் அது நடக்காது.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். "வெச்சுட்டுப் போங்க சார்" என்பார்கள், வைத்துவிட்டு வராதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், சென்னையில் 1913க்கு போன் செய்தாலும், பதிவு எண் கையில் இருக்க வேண்டும். முத்திரையோ எண்ணோ இல்லாவிட்டால் நீங்கள் புகார் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை.

ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் மறுபடி தகவல் உரிமை மனு. "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், "பதில் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: வேலை உத்தரவு, மதிப்பீடு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எப்போது முடிகிறது என்பதைக் காட்டும் ஒப்பந்தப் பக்கம். வேலையை நேரில் பார்வையிடவும் 2(ஜெ) பிரிவு உரிமை தருகிறது. அந்த ஒரு வரியைச் சேர்த்தாலே சில பொறியாளர்கள் மறுநாள் தளத்தில் நிற்பார்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. இதற்கும் நகலும் தபால் ரசீதும் பத்திரம்.

பாதையை அடைத்து ஜெனரேட்டரோ கட்டுமானக் குவியலோ கிடந்தால், பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152ஆவது பிரிவின்படி அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடம், மனு கொடுக்கலாம். ஆர்.டி.ஓ. என்றதும் லைசென்ஸ் எடுக்கிற ஆபீஸுக்குப் போய் நிற்காதீர்கள். இது வருவாய்த் துறை. "நிதி இல்லை" என்ற சாக்கை, அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவின் கீழ் வந்த ரத்லம் நகராட்சி வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளிவிட்டது.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் மாநிலம் இது. அந்த சைக்கிள் ஓடும் இடமோ, தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம் விழுந்த சாலை ஓரம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் பிள்ளை அந்தப் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். கிராமத்தில் இதற்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடுகிறது. பேசிவிட்டு வருவதில் பயனில்லை. தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகல் வாங்கிக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்புங்கள். திரும்பவும் சொல்கிறேன், நகல் வாங்குங்கள்.

இத்தனையும் சொன்னால், நம் ஆட்கள் முதலில் பூக்காரம்மாவை விரட்டத்தான் கிளம்புவார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனைச் சான்று பெற்ற தெரு வியாபாரிக்கு, ஒதுக்கிய இடத்தில் உட்கார உரிமை உண்டு. நடைபாதையில் ஏற்றி நிறுத்திய காருக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. வாசலிலிருந்து நடைபாதை முழுக்க நீளும் உங்கள் வீட்டு ரேம்ப்புக்கும் இடமில்லை. அதை இடித்துவிட்டு மனு கொடுங்கள். அளக்க வரும் பொறியாளர் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.