ஆறு நிறக் கேள்விகளின் சக்கரம்

துப்பறியும் அதிகாரி கொலம்போவின் முதல் பெயர் என்ன? 1980களில் கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் இந்தக் கேள்வி வந்திருந்தால், அட்டையின் பின்பக்கம் ‘ஃபிலிப்’ என்று அச்சாகியிருக்கும். அது தவறான பதில். பீட்டர் ஃபாக் நடித்த அந்தத் தொலைக்காட்சித் தொடரில் கொலம்போவின் முதல் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவர் எடுத்துக் காட்டும் அடையாள அட்டையில், படத்தை நிறுத்தி உற்றுப் பார்த்தால், ‘ஃபிராங்க்’ என்று தெரியும்.

பிறகு ஃபிலிப் எங்கிருந்து வந்தார்? ஃப்ரெட் வொர்த் என்ற அமெரிக்கரின் கற்பனையிலிருந்து. துணுக்குத் தகவல்களைத் திரட்டிக் கலைக்களஞ்சியமாகப் போட்டவர் அவர். தன் உழைப்பை யாராவது அள்ளிக்கொண்டு போனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, ஆயிரக்கணக்கான உண்மைகளுக்கு நடுவே இந்த ஒரு பொய்யை வைத்திருந்தார். அந்தப் பொய் அப்படியே ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1984இல் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவருடைய புத்தகத்தையும் பயன்படுத்தினோம் என்று விளையாட்டைச் செய்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் தகவல்களுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1987இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்புதான்.

அந்த விளையாட்டின் பெயர் டிரிவியல் பர்சூட். ‘டிரிவியா’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. மூன்று வழிகள் கூடும் இடம் என்று பொருள். நம் முச்சந்திதான். நாலு பேர் நின்று பேசும் இடத்தில் புழங்குகிற எளிய சரக்கு என்பதாக அந்தச் சொல் வளர்ந்தது. இந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பலகையின் நடுவே ஆறு வழிகள் கூடுகின்றன, அங்கே நின்றுதான் ஆட்டம் தொடங்குகிறது.

1979 டிசம்பர் 15. கனடாவின் மான்ட்ரியல் நகரில் கிறிஸ் ஹேனியும் ஸ்காட் அபட்டும் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தார்கள். ஹேனி ‘மான்ட்ரியல் கெசட்’ நாளிதழின் புகைப்பட ஆசிரியர். அபட், கனேடியன் பிரஸ் செய்தி நிறுவனத்தில் விளையாட்டுச் செய்தியாளர். பெட்டியைத் திறந்தால் சில எழுத்துக் கட்டைகளைக் காணவில்லை. நாமே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அடிப்படை வடிவம் தாளில் வந்துவிட்டது. தகவலைத் தேடி எடுப்பதும் சரிபார்ப்பதும் பத்திரிகைக்காரர்களின் அன்றாட வேலை. அந்த வேலையையே அவர்கள் ஆட்டமாக்கினார்கள்.

பணம்தான் இல்லை. ஹேனியின் சகோதரர் ஜானும், வழக்கறிஞர் எட் வெர்னரும் கூட்டுச் சேர்ந்தார்கள். தெரிந்தவர்கள் 32 பேரிடம் சுமார் 40,000 டாலர் திரட்டினார்கள். பலகைக்குப் படம் வரைந்த 18 வயது இளைஞருக்குக் கூலியாகப் பங்குகள்தான் கிடைத்தன. 1981இல் முதலில் வெளிவந்த 1,100 பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் 75 டாலர் செலவாயிற்று. கடைக்காரர்களுக்கு அதை 15 டாலருக்குக் கொடுத்தார்கள். அப்படி நஷ்டத்தில் புறப்பட்ட ஆட்டம், 1984ஆம் ஆண்டில் மட்டும் வட அமெரிக்காவில் 2 கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் அதை விற்றது செல்கோ அண்ட் ரைட்டர் நிறுவனம். அங்கே ஸ்கிராபிளைத் தயாரித்துவந்ததும் அதே நிறுவனம்தான்!

பெட்டிக்குள் 1,000 அட்டைகள், ஒவ்வோர் அட்டையிலும் ஆறு கேள்விகள், ஆக 6,000. நீலம் புவியியலுக்கு, மஞ்சள் வரலாற்றுக்கு, இளஞ்சிவப்பு திரைப்படம் முதலிய பொழுதுபோக்குகளுக்கு, பழுப்பு கலை இலக்கியத்துக்கு, பச்சை அறிவியலுக்கும் இயற்கைக்கும், ஆரஞ்சு விளையாட்டுகளுக்கு. ஆடுபவரின் காய் ஒரு சின்ன வட்டச் சக்கரம். அதில் ஆறு பள்ளங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய தலைமைக் கட்டத்தில் நின்று சரியான பதில் சொன்னால் அந்த நிறத்தில் ஒரு முக்கோணத் துண்டு கிடைக்கும், அதைப் பள்ளத்தில் செருகிக்கொள்ள வேண்டும். வேறு கட்டங்களில் சொல்லும் சரியான பதிலுக்குத் துண்டு கிடையாது, மறுபடி பகடை உருட்டலாம், அவ்வளவுதான். தவறினால் முறை அடுத்தவருக்குப் போகும்.

கேள்விகளைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு வியப்பு பலகையின் மேல்தான். பரமபதத்தில் பகடை சொன்ன வழியில் காய் போயே தீர வேண்டும். இங்கே விழுந்த எண்ணை எந்தத் திசையில் நகர்த்துவது என்பது ஆடுபவர் விருப்பம். அதனால் ஒவ்வோர் உருட்டலிலும் எந்த நிறத்தைச் சந்திக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று ஒரு சின்னக் கணக்கு ஓடும். ஆனால் எல்லை இருக்கிறது. நடுவிலிருந்து எந்தத் தலைமைக் கட்டத்துக்கும் சரியாக ஆறு அடி. விளிம்பில் ஒரு தலைமைக் கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏழு அடி. ஒரே பகடைதான் என்பதால் ஏழு விழாது. அதாவது ஒரு துண்டை வாங்கிய கையோடு ஒரே தாவலில் அடுத்த துண்டுக்குப் போக முடியாது. இடையில் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றாக வேண்டும், அது பெரும்பாலும் வேறொரு நிறக் கேள்வியாக இருக்கும். மட்டைப்பந்திலோ ஹாக்கியிலோ புலியாக இருப்பவரும் ஓவியர்களின் பெயர்களைக் கடந்துதான் போக வேண்டும்.

தாயத்தில் காய் நடுவுக்குப் போனால் பழம். இதிலும் ஆறு துண்டுகளும் சேர்ந்தபின் சரியான எண் விழுந்து நடுவுக்கு வர வேண்டும். அப்போது எந்தத் துறையில் கேள்வி என்பதை எதிராளிகள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். ஆடுபவருக்கு எது வராது என்பது அன்றைய மாலைக்குள் மேசையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

சில கேள்விகளுக்குப் பதில் தொண்டை வரை வந்து நிற்கும், வெளியே வராது. இதை உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966இல் ஆராய்ந்து எழுதினார்கள். அரிய சொற்களின் பொருளை மட்டும் வாசித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். சொல் வராமல் தவித்தவர்களும் அதன் முதல் எழுத்தையும், எத்தனை அசைகள் என்பதையும் பல முறை சரியாகச் சொன்னார்கள். மறந்தது முழுவதுமாகப் போய்விடவில்லை, விளிம்பு மட்டும் கையில் இருக்கிறது.

2009இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் இதே வகைத் துணுக்குக் கேள்விகளை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம் காட்டினார்கள். நன்றாகத் தெரிந்த கேள்வியில் ஆர்வம் குறைவு. அடியோடு தெரியாததிலும் குறைவு. தெரியும்போல் இருக்கிறதே என்ற அரைகுறை நிலையில்தான் ஆர்வம் உச்சத்தில் இருந்தது. அப்படி ஆர்வத்தோடு தவறாக ஊகித்தவர்கள், சரியான பதிலைப் பிறகு கேட்டபோது அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஹேனியும் அபட்டும் மூளைப் படம் பார்த்து ஆட்டத்தை வடிவமைக்கவில்லை. ஆனால் நல்ல கேள்வி எது என்பதை அவர்கள் தொழில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அந்தத் தவிப்புக்கு அன்று நேரம் இருந்தது. கைபேசி கிடையாது. பதிலுக்கு ஒரே வழி எதிரில் இருப்பவர் கையிலுள்ள அட்டைதான், அவரும் உடனே சொல்லிவிட மாட்டார். பழைய பெட்டியை எடுக்கும்போது நெஞ்சு கனப்பது அந்தச் சில நொடிகளுக்காக என்றே நான் நம்புகிறேன்.

டிரிவியல் பர்சூட் இன்றும் விற்கிறது. 2008இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 8 கோடி டாலருக்கு உரிமையை வாங்கியது. கிறிஸ் ஹேனி 2010இல் காலமானார். புதுப்புதுப் பதிப்புகள் வந்தபடி இருக்கின்றன. ஆனால் முதல் பெட்டியின் அட்டைகள் 1981லேயே நின்றுவிட்டன. அவை அச்சான உலகில் ஜெர்மனி இரண்டு. சோவியத் ஒன்றியமும் யுகோஸ்லாவியாவும் வரைபடத்தில் இருந்தன. உலகிலேயே உயரமான கட்டடம் சிகாகோவின் சியர்ஸ் கோபுரம். புளூட்டோவும் கோள்களில் ஒன்று.

அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுகிறவர்கள் முதல் பகடையை உருட்டுவதற்கு முன் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். மேசையில் இன்று எந்த ஆண்டு? சூரியனுக்குக் கோள்கள் எத்தனை என்று பச்சை நிறத்தில் ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். பேத்தி தயங்காமல் எட்டு என்கிறாள். தாத்தா அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார், அங்கே ஒன்பது என்று இருக்கிறது. அவள் பச்சைத் துண்டுக்காகக் கையை நீட்டியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.