காணும் பொங்கல் முடிந்ததும் கட்டிய பணம்

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் விடியற்காலையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் நின்று பாருங்கள். கட்டைப் பையில் கரும்புத் துண்டு, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பா, கையில் போன். நான்கு நாள் ஊரில் கேட்ட பேச்செல்லாம் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் கூடவே வந்திருக்கும். "என்னடா, இப்படிப் பெருத்துட்டே?" என்றிருப்பார் சித்தி. "இன்னும் அதே கம்பெனிதானா?" என்றிருப்பார் மாமா. மாநகரப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனைத் திறந்தால், ஜிம்முக்கு ஓராண்டுச் சந்தா பாதி விலையில் வந்து நிற்கிறது. ஆறே மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட் ஆக்கிவிடும் படிப்பு, முன்பணமே வேண்டாம் என்கிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நமக்குத் தெரிந்ததைப் போலவே விற்கிறவர்களுக்கும் தெரியும்.

விடுமுறை முடிந்து திரும்பும்போது புதிதாக எதையாவது தொடங்கத் தோன்றுவது பலவீனமில்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2014இல் இதை எழுதினார்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த நாட்கள், விடுமுறை முடிந்த நாட்கள் போன்ற வேளைகளில் மனிதர்கள் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு தொடங்குகிறார்கள். ஜிம்முக்குப் போவதும் அப்போது கூடுகிறது. அந்த உந்துதல் நல்லதுதான். சிக்கல், அந்த உந்துதலை ஒரு வருடத்துக்கு மொத்தமாக விலை பேசி விற்கும்போது வருகிறது. அமெரிக்க ஜிம்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் டெல்லவிக்னா, மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு முறைக்குச் சற்றே அதிகமாகத்தான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே ஜிம்மில் ஒரு தடவைக்கு 10 டாலர் என்ற கணக்கில் சீட்டு வாங்கியே போயிருக்கலாம்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரு தை மாதத்தில் வீட்டருகே இருந்த ஜிம்மில் ஓராண்டுக்குக் கட்டினேன். தனிப் பயிற்சியாளர் உண்டு என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் போனேன். பத்தாம் நாள் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆளும் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்டு மாதம் அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தேன். பணம் கொடுத்தவன் நான், ஆனால் ஒளிந்து நடந்தவனும் நானே.

இந்த வெட்கம்தான் இங்கே பெரிய ஆபத்து. 'நான்தானே போகவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?' என்று நினைத்துக் கேட்காமலே இருந்துவிடுகிறோம். பணம் போவது ஒரு நஷ்டம். நம் சொல்லை நாமே நம்பாமல் போவது அதைவிட நீண்ட நஷ்டம். அடுத்த பொங்கலுக்கு ஊரிலிருந்து திரும்பும்போது 'நமக்கெல்லாம் எதுவும் ஒட்டாது' என்ற எண்ணம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தன்னம்பிக்கை என்று மேடையில் பேசுவதைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977 முதல் சொல்லிவந்தது இன்னும் எளிமையானது: ஒரு காரியத்தைச் செய்துமுடித்த அனுபவம்தான் 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று. அதனால் முதல் வாக்கு சின்னதாக இருக்கட்டும், காசில்லாததாகவும் இருக்கட்டும். 'இந்த வருஷம் உடம்பைக் குறைப்பேன்' என்று சொல்வதைவிட, 'காலையில் பால் வாங்கப் போகும்போது பூங்காவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன்' என்பது மேல். நேரமும் இடமும் சேர்த்துச் சொன்ன வாக்கு நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெளிவாகவே வந்திருக்கிறது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை விளம்பரத்தோடு விட்டுவிடுங்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் வரவில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த இலக்கு யாருடையது? சித்தியின் வாயை அடைக்க எடுக்கும் முடிவு, சித்தி கண்ணில் படாத பிப்ரவரியில் பிடிமானம் இழந்துவிடும். மூட்டு வலியில்லாமல் மாடி ஏற வேண்டும் என்று நமக்கே தோன்றியதென்றால் யார் பார்க்காவிட்டாலும் அது நிற்கும். இரண்டு வாரம் சும்மா செய்து பார்த்து, நிற்கிறது என்று தெரிந்த பிறகு பணம் கட்டலாம். "இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் ஆஃபர்" என்பார்கள். அப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது இணையதளங்களில் விலக்கப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. சேர்வது ஒரு சொடுக்கில், விலகுவது மட்டும் ஒன்பது பக்கத்துக்கு அப்பால் என்று வைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பயிற்சி மையங்கள் வேலைக்கு உத்தரவாதம் என்று பொய்யாக விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024 நவம்பரில் தனி நெறிமுறையே வந்திருக்கிறது.

சட்டம் எதைத் தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோம்பலால் போகவில்லை என்றால் பணம் தானாகத் திரும்ப வராது. மனம் மாறினால் சில நாளுக்குள் விலகிவிடலாம் என்ற பொது உரிமை இந்தியாவில் இல்லை. ஆனால் சொன்ன சேவை வரவில்லையென்றால் கதை வேறு. பயிற்சியாளர் போனார், நேரடி வகுப்பு என்றது வெறும் பதிவுக் காணொளி ஆனது, கிளையை மூடினார்கள் என்பதெல்லாம் சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள சேவைக்கு ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித்தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதே தராமலிருப்பதும் அப்படித்தான். "கட்டிய பணம் திரும்பத் தரப்படாது" என்று சிவப்பில் அச்சடித்து வைத்திருப்பார்கள். அந்த வரியைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். சேவையில் குறை இருக்கும்போது அந்த வரியே கடைசி வார்த்தை ஆகிவிடாது.

படிப்பு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 'மாதத் தவணை' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் எடுக்கப்படும் கடன். மையத்துக்கு மொத்தப் பணமும் முதலிலேயே போய்விடும். நீங்கள் படிப்பை விட்டாலும் தவணை விடாது. கட்டாமல் நின்றால் கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும். எனவே ஓடிபி சொல்வதற்கு முன் "இது கடனா, யார் கொடுக்கும் கடன்?" என்று கேளுங்கள். டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: குறைந்தது ஒரு நாள் யோசனைக் காலம். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டிச் செலவையும் கட்டி, அபராதமில்லாமல் வெளியே வந்துவிடலாம். கடன் கொடுத்தவரிடம் புகார் செய்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

மாதாமாதம் தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நாமே ரத்து செய்யலாம்.

முறையிட முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கே சமரசம் ஆகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இணையத்திலும் பதியலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஜிம்முக்கோ மையத்துக்கோ எழுத்தில் ஒரு கடிதம் தர வேண்டும். நான் எழுதிய முதல் கடிதம், "வேலைப் பளுவால் என்னால் தொடர்ந்து வர இயலவில்லை, மன்னிக்கவும்" என்று தொடங்கியது. வக்கீலாக இருக்கும் நண்பர் அதை வாங்கிப் படித்துவிட்டு முதல் இரண்டு வரியையும் அடித்தார். "மன்னிப்பு கேட்க நீ என்ன தப்பு பண்ணே?" என்றார். மிஞ்சியது நான்கு வரி: பணம் கட்டிய தேதி, அவர்கள் சொன்ன சேவை, அது நின்றுபோன நாள், பதினைந்து நாளுக்குள் திருப்பித்தர வேண்டிய தொகை. நான் ஏன் போகவில்லை என்பது அதில் எங்குமே இல்லை.