மேல்முறையீடு

அரசு அலுவலகங்கள் மக்களின் வரிப்பணத்தால் நடைபெறுகின்றன. ஆதலின், அவற்றின் கணக்குகளையும் ஆணைகளையும் கேட்டறியும் உரிமை மக்களுக்கு உண்டு. இவ்வுரிமையை இந்திய மக்களுக்கு உறுதிசெய்வது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகும். தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. எனினும், உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது மறுக்கப்படும்போது முறையிட ஓர் இடமும் வேண்டும். அதற்கென அமைந்ததே மேல்முறையீடு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஓர் ஊரின் ஏரி தூர்வாரப்பட்டதாகக் கணக்கு எழுதப்பட்டுள்ளது. ஏரியோ முன்போலவே மேடிட்டுக் கிடக்கிறது. உழவர் ஒருவர், வேலையாட்களின் கூலிப் பட்டியலுக்குப் படி கேட்டுப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கிறார். 30 நாட்களுக்குள் விடை வருதல் வேண்டும். வாராவிடின், தகவல் மறுக்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். அதன்பின் 30 நாட்களுக்குள், அதே அலுவலகத்தைச் சேர்ந்த உயர் அலுவலரிடம் உழவர் முறையிடலாம். அவர் 30 நாட்களில் முடிவு கூறவேண்டும்; தக்க காரணத்தை எழுதிவைத்தால் 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கு நாம் கருதத்தக்க சிறப்பு ஒன்று உண்டு. தகவல் எதற்காக வேண்டும் என்று உழவர் காரணம் கூறவேண்டுவதில்லை. மறுத்தது முறையே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, மறுத்த அலுவலரையே சார்ந்தது.

“பட்டியலில் வேலையாட்களின் வங்கிக் கணக்கு எண்கள் உள்ளன; ஆதலால் தருவதற்கில்லை” என்று அலுவலர் கூறுவதாகக் கொள்வோம். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. உழவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. வெளியிடத் தகாத பகுதியை நீக்கி எஞ்சியதைத் தரலாம் என்று சட்டம் வழிகாட்டுகிறது. எனவே, அவ்வெண்களை மட்டும் மறைத்துப் பட்டியலைத் தருமாறு உயர் அலுவலர் ஆணையிடுகிறார். வேலையாட்களுக்குத் தீங்கில்லை, உழவருக்கும் உண்மை தெரிகிறது. பிணக்கு அவ்வலுவலகத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

அங்கும் தீராவிடின், 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தகவல் தராத அலுவலரை ஆணையம் விசாரித்து, நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய்க்கு மேற்படாமல் தண்டம் விதிக்கும்.

மேல்முறையீடு பகைமையன்று, தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள அலுவலகத்திற்கு அளிக்கப்படும் வாய்ப்பாகும். காலக்கெடுவை மறவாமல், பணிவோடும் துணிவோடும் அதனைப் பயன்படுத்துதல் நற்குடிமக்களின் கடமையாகும்.