கேரவனுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு காந்தம் வாங்குங்கள்

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூரையோ கதவோ இல்லாத வெறும் சேசிஸில் உட்கார்ந்து டிரைவர் ஒருவர் நெடுஞ்சாலையில் போவதைப் பார்த்திருப்பீர்கள். கொங்கு நாட்டுச் சாலையில் அப்படிப் போவது பஸ் சேசிஸ் என்றால், அது கரூருக்குப் போகிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவதில் பெயரெடுத்த ஊர் அது. இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துச் சட்டம் எழுப்பி, மேலே தகடு போர்த்தி, முகத்துக்கும் முதுகுக்கும் ஃபைபர் அச்சுகளைப் பொருத்தி, பட்டி பார்த்து, கடைசியில்தான் பெயிண்ட் அடிப்பார்கள். அரசு போக்குவரத்துக் கழகங்கள் 2023-ல் பழைய பஸ்களின் கூண்டைக் கழற்றிப் புதுக் கூண்டு கட்டி மஞ்சள் நிறத்தில் சாலைக்கு விட்டபோது, நம் கண்ணில் பட்டது மஞ்சள் மட்டும்தான். அதற்கு அடியில் நடந்த வேலைதான் பெரிது.

சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன கேரவனும் இதே இனம்தான். பழைய டெம்போ டிராவலரையோ மஸ்டா வேனையோ வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் போட்டு வால்பாறைக்குக் கிளம்ப ஆசைப்படுகிறவர்கள், வெளியே வெளுத்துத் திட்டுத் திட்டாக உரிந்து கிடக்கும் பெயிண்டையும் தாங்களே அடித்துவிடலாமே என்று நினைப்பது இயல்பு. அடிக்கலாம். ஆனால் கடைக்குப் போய் முதலில் நிற அட்டையைப் புரட்டாதீர்கள். ஒரு சின்னக் காந்தம் வாங்கி, வண்டியைச் சுற்றி வாருங்கள்.

காந்தம் ஒட்டும் இடம் இரும்பு. ஒட்டாத இடம் அலுமினியமாகவோ ஃபைபராகவோ இருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். ஒட்டும் இடத்திலும் சந்தேகம் உண்டு: வெறும் இரும்பா, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடா? மறைவான ஓர் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள், சாம்பல் வெள்ளையாக மினுக்கினால் ஜி.ஐ. ஆக ஒரே வண்டிக்கு நான்கு வகைத் தோல். நான்கும் பெயிண்டை நான்கு விதமாக நடத்தும். பழைய கேரவன்களில் பெயிண்ட் நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதைக் கவனிக்காததே காரணம்.

இரும்பின் குணம் எல்லோருக்கும் தெரியும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் மேலே இருக்கும் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளத்தின் மேலேயே அடித்தால் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி எழும்பும். துரு முடிகிற இடம் வரை தேய்த்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

ஜி.ஐ. தகடுதான் ஆளை ஏமாற்றும். கிரில்லுக்கு அடிக்கும் சாதாரண சிந்தெட்டிக் எனாமல் எண்ணெயிலிருந்து பிறந்தது. அதை நேரடியாகத் துத்தநாகத்தின் மேல் அடித்தால், ஈரம் சேரச் சேர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும் துத்தநாகமும் வினைபுரிந்து, நடுவே ஒரு சோப்புப் படலம் உண்டாகிறது. ஆமாம், சோப்புதான். கொஞ்ச நாளில் பெயிண்ட் தாள் தாளாக உரிந்து வரும். ‘கம்பெனி சரியில்லை’ என்று நாம் பெயிண்டைத் திட்டுவோம்.

அலுமினியம் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். மொழுமொழுவென்ற அந்தப் பரப்பில் சாதாரணப் பூச்சு பிடிக்காது. தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்கென்றுள்ள எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ அடிக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகு போட்டிருந்தால், ஈரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, அலுமினியம் அரிபடும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் காரணம். ஃபைபரின் மேல்தோல் வெயிலில் வெந்து, விரலால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டும். அந்தப் பொடி போகும்வரை தேய்க்க வேண்டும்.

நான்குக்கும் நான்கு பிரைமர் வாங்க வேண்டாம். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த பரப்பு என்றால், இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் நான்கிலும் பிடிக்கும். கையுறை கட்டாயம். எபாக்சிக்கு வெயில் ஆகாது, அதை மேல்பூச்சு இல்லாமல் விட்டுவிடக் கூடாது.

பழைய பெயிண்டின் சாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மூலையில் என்.சி. தின்னர் நனைத்த துணியைச் சற்று நேரம் வைத்து எடுங்கள். கரைந்து துணியில் வந்தால் லாக்கர். சுருங்கிக் கிளம்பினால் எனாமல். ஒன்றும் ஆகவில்லையென்றால் கம்பெனியில் சூட்டில் வேகவைத்ததோ, ஹார்டனர் கலந்ததோ. சுருங்குகிற பெயிண்டின் மேல் லாக்கர் வகையை அடித்தால் மொத்தமும் சுருங்கும். பட்டறைகளில் பழைய கைகள் இன்றும் சொல்லும் ‘டூகோ’, அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதற்குமுன் ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1920-களில் டூகோ வந்த பிறகுதான் அது மணிக்கணக்காகக் குறைந்தது.

இனி தேய்ப்பு. நேரத்தில் முக்கால்வாசியை இது தின்னும். முதலில் ஜன்னல், கூரை விளிம்பெல்லாம் அப்பியிருக்கும் பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுங்கள். அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. மழை ஒழுகும் இடங்களைப் பெயிண்ட் ஏற்கும் பி.யு. சீலன்ட் கொண்டு அடையுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவியபின், தேய்ப்பதற்கு முன்பே பிசுக்கு எடுக்கும் திரவத்தால் துடைத்துவிடுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால், எண்ணெய்ப் பிசுக்கு அதற்குள் கீறல்களில் இறங்கியிருக்கும். சுத்தமா என்று பார்க்கத் தண்ணீரை ஊற்றினால் போதும். படலமாக வழிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் பிசுக்கு.

பழைய மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உலரத் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குப் போகும். குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலையே வேண்டாம். பாலியெஸ்டர் பட்டிக்கு விதி நேர்மாறு: அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொப்புளமாக்கும், ஆகவே முகமூடி போட்டு உலரத்தான் தேய்க்க வேண்டும்.

மேல்பூச்சுக்குப் பட்டறைக்காரர்கள் பி.யு. அடிக்கச் சொல்வார்கள். பளபளப்பிலும் ஆயுளிலும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வீட்டில் ஸ்பிரே செய்யாதீர்கள் என்பதே என் கட்சி. அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-ல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதற்குத் தாயாதி. பெயிண்டில் உள்ளது அவ்வளவு கொடியதல்ல என்றாலும், புகைப்படலமாக மூச்சில் ஏறினால் தீராத ஆஸ்துமாவைத் தரும். தனியாகக் காற்று வரும் முகமூடி இருக்கிறவர்கள் செய்யட்டும்.

வீட்டுக்காரருக்கு ஏற்றது படகுக்காரர்களின் முறை. நல்ல எனாமலை ஸ்பாஞ்சு ரோலரில் மெல்லியதாக உருட்டி, ஈரம் காயுமுன் நல்ல பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் லேசாக நீவிவிட வேண்டும். கம்ப்ரசரும் வேண்டாம், பக்கத்து வீட்டுக் கார் மேல் பெயிண்டும் படியாது. கிட்டத்தட்ட 35 சதுர மீட்டர் பரப்புள்ள வேனுக்கு, லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் கணக்கில் இரண்டு கோட்டுக்கு ஏழு லிட்டர் ஆகும். தடிமனாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வழியும், உள்ளே காயாது.

கோவையில் இதற்குப் பொருத்தமான காலம் ஜனவரி, பிப்ரவரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பாய்கிறது. பல்லடம், உடுமலைக் காற்றாலைகளுக்கு அது வரம், ஈரப் பெயிண்டுக்குச் சாபம். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. சித்திரை வெயிலில் தகடு சுட்டால் பெயிண்ட் பரவுமுன்னே இறுகிவிடும். பனி விலகிய பின் தொடங்கி, நிழலில் அடித்து, மாலை ஈரம் இறங்குமுன் முடியுங்கள்.

நிறத்தைக் கேட்டால் கூரைக்கு வெள்ளையைத் தவிர வேறு சொல்லமாட்டேன். உள்ளே படுக்கப்போவது நீங்கள். வெள்ளைப் பெயிண்டின் உயிர் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் தாதுவான இல்மனைட்டை நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலிருந்தே எடுக்கிறார்கள். பக்கங்களுக்கு எந்த நிறமும் உங்கள் இஷ்டம், ஆலிவ் பச்சையைத் தவிர. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி அது ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. நிறத்தை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே படுக்கையும் அடுப்பும் வைக்க வாங்க வேண்டிய அனுமதி தனி.