பாரியர் தீவுக்கு ஒரு பழைய டிராக்டர்

ஆக்லாந்து என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் எழுவது துறைமுகப் பாலமும் ஸ்கை டவரும் நெருக்கமான தெருக்களும் கொண்ட மாநகரமே. ஆனால் 2010-ஆம் ஆண்டில் எட்டு சபைகளை ஒன்றாக இணைத்து ஏற்படுத்திய ஆக்லாந்து மாநகராட்சியின் எல்லைக்குள்ளேயே, வடக்கே வெல்ஸ்ஃபோர்டின் மேய்ச்சல் குன்றுகளும், தெற்கே வெங்காயத்துக்குப் பேர்போன புக்கெகோஹேயின் எரிமலை மண் வயல்களும், கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் கிரேட் பாரியர் என்னும் தீவும் அடங்கியிருக்கின்றன. அந்தத் தீவுக்கு நகரத்தின் மின்கம்பி செல்லவில்லை. சூரிய ஒளித் தகடுகளையும் ஜெனரேட்டர்களையும் நம்பி ஆயிரம் பேர் அளவில் அங்கே வாழ்கிறார்கள். வாகனம் எதையும் கொண்டுசெல்ல வேண்டுமானால் நகரத்துத் துறையில் கப்பலேற்றி நாலரை மணி நேரம் பிரயாணம் செய்ய வேண்டும். காற்றும் அலையும் பலத்துவிட்டால் அந்தக் கப்பலும் புறப்படாது. இப்படிப்பட்ட இடத்தில் நிலம் வைத்திருப்பவர் கைமாறிய டிராக்டர் ஒன்றை வாங்க நினைத்தால் எதை அளவுகோலாகக் கொள்வது?

நம்பகமான டிராக்டர் என்றால் பழுதாகாத டிராக்டர் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆயினும் முப்பது நாற்பது ஆண்டு உழைத்த யந்திரம் எதுவாயினும் என்றாவது ஒருநாள் நின்றே தீரும். நின்ற இடத்திலேயே, கையிலுள்ள ஸ்பானர்களையும் அக்கம்பக்கத்தாரின் அனுபவத்தையும் அடுத்த கப்பலில் வந்து சேரக்கூடிய உதிரி பாகத்தையும் கொண்டு அதை மறுபடி ஓடவைக்க முடியுமா என்பதே என் அபிப்பிராயத்தில் முதற்கேள்வி. குதிரைசக்தி எவ்வளவு, பெயிண்ட் எப்படி என்பனவெல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

இதற்கு நிரூபணமாக ஆக்லாந்திலேயே பிறந்த ஒருவரைச் சொல்லலாம். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1919-இல் இந்நகரில் பிறந்து, தெற்கேயுள்ள டுவாக்காவ் என்னும் சிற்றூரில் வளர்ந்து, தேனீ வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். 1957 அக்டோபரில் அன்டார்க்டிகாவின் ஸ்காட் முகாமிலிருந்து அவர் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டபோது நம்பிச் சென்றவை சாதாரணமான மூன்று ஃபெர்குசன் பண்ணை டிராக்டர்கள். சக்கரங்களின்மேல் பட்டைகளைச் சுற்றி, குளிருக்கும் பனிக்கும் ஏற்ப அங்கங்கே மாற்றியமைத்திருந்தார்களே தவிர, யந்திரம் என்னவோ நியூசிலாந்து விவசாயிகள் தினந்தோறும் ஓட்டிய யந்திரந்தான். கூடவே சென்ற பனிவாகனம் பாதிவழியில் பழுதாகிக் கைவிடப்பட, டிராக்டர்கள் மூன்றும் 1958 ஜனவரி 4-ஆம் தேதி துருவத்தை எட்டின. அந்த மாதிரி டிராக்டரோடு கம்பெனியார் கொடுத்த ஒற்றை ஸ்பானர், கலப்பையின் நட்டுகளைத் திருகவும், அதன்மேல் பொறித்திருந்த அளவுகளால் உழவுச் சாலின் அகலத்தை அளக்கவும் பயன்பட்டது. அவ்வளவு எளிமையாக வடிவமைத்திருந்ததனால்தான் பட்டறையே இல்லாத பனிவெளியில் அதைப் பழுதுபார்த்துக்கொண்டே முன்னேற முடிந்தது.

இன்றைய புது டிராக்டர்களோ எரிபொருள் பாய்ச்சுவது முதல் புகையைச் சுத்திகரிப்பது வரை எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. அவற்றின் திறனைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் ஒரு சிறிய சென்சார் கெட்டால்கூடக் கம்பெனி மெக்கானிக் கம்ப்யூட்டரோடு வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தீவுக்கு அவர் வரும் நாள் எது என்று யார் சொல்ல முடியும்?

ஆகவேதான் மாஸி ஃபெர்குசன் 35, 135 போன்ற பழைய வண்டிகளுக்கு இந்தத் தேசத்தின் மூலைமுடுக்குகளில் இன்றும் மதிப்பு இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இவை அந்நியமல்ல. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசனோடு சேர்ந்து செம்பியத்தில் தயாரித்த டிராக்டர்கள் இதே வம்சத்தைச் சேர்ந்தவை. 135-இல் உள்ள மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் உலகெங்கும் பல்லாண்டு உற்பத்தியானதனால், பிஸ்டன், கேஸ்கெட், வாட்டர் பம்ப் எல்லாம் இன்றும் சிரமமின்றிக் கிடைக்கின்றன. 35-ஐப் பார்க்கப் போகிறவர் மட்டும், 1959-ஆம் ஆண்டின் இறுதிவரை அதில் வந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினா, பின்னால் வந்த மூன்று சிலிண்டரா என்று கேட்டுக்கொள்வது அவசியம். முந்தையது குளிரில் எளிதில் கிளம்பாத சுபாவம் உடையது. ஜப்பானில் சில காலம் ஓடிய பிறகு இங்கே இறக்குமதியாகும் சிறிய டிராக்டர்களும் விலைக்கு வருகின்றன. அவை கைக்கு அடக்கமானவை, உழைப்பாளிகள். ஆனால் ஜப்பானுக்குள் விற்பதற்கென்றே செய்த மாதிரிகளுக்கு உதிரி பாகம் தருவார் இங்கே உண்டா என்று விசாரித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

இனிப் பரீட்சை. மாடு வாங்கப் போகிறவன் சுழி பார்த்து, பல் பார்த்து, நடக்கவிட்டும் பார்ப்பதுபோல, டிராக்டரையும் நிற்கும் நிலையிலும் ஓடும் நிலையிலும் பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "நீங்கள் வருவீர்களே என்று முன்னமே ஓட்டி வைத்தேன்" என்று விற்பவர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், இன்னொரு நாள் விடியற்காலையில் வருகிறேன் என்று விடைபெறுவதே விவேகம். ஏனெனில் தேய்ந்த எஞ்சினின் குறையெல்லாம் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் வெளிப்படும். கிளப்புமுன் ஆயில் குச்சியை உருவி, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்றும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின்மேல் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கிளம்பியதும் சற்றே புகைந்து அடங்கினால் பாதகமில்லை. நீலப் புகை நில்லாமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை ஓயாவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால், அங்கிருந்து புகை குபுகுபுவென்று பீறிடுவது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்ததற்கு அடையாளம்.

மணிக்கணக்கு காட்டும் மீட்டரை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். அதை இயக்கும் கேபிள் அறுந்து பல வருஷம் ஆகியிருக்கலாம். உண்மையைச் சொல்பவை வேறு இடத்தில் இருக்கின்றன: கிளட்ச் பெடலின் இரும்பு ஒருபக்கமாகத் தேய்ந்து பளபளக்கிறதா, பின்னால் இழுவைச் சட்டத்தில் பின் செருகும் வட்டத் துளை முட்டை வடிவாக நீண்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பாரம் இழுத்த வண்டியின் துளை அதை மறைக்காது. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினால் கிங் பின்னின் ஆட்டம் தெரியும்; முன்னால் லோடர் மாட்டிய வண்டியாயின், லோடர் தாங்கியில் வெல்டிங் போட்ட தழும்புகளையும் முன் அச்சையும் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். ஹைட்ராலிக்கைச் சோதிக்க, கனமான கருவியொன்றை மாட்டித் தூக்கச் சொல்லி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். கருவி மெல்லமெல்லத் தரையை நோக்கி இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. இறக்கமான பாதையில் ஓட்டிக் கியர் தானாக நழுவுகிறதா என்றும், இடது வலது பிரேக்குகள் தனித்தனியே பிடிக்கின்றனவா என்றும் பார்க்காமல் விலை பேசலாகாது.

ஆக்லாந்துக் கடலோரத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இங்கே பழைய டிராக்டர்கள் பலவற்றைக் கடற்கரையில் படகு இறக்கவும் ஏற்றவும் பயன்படுத்துகிறார்கள். பின்னச்சு வரையில் உப்புநீரில் முங்கி எழுந்த வண்டி, மேலே புதுப் பெயிண்ட் அடித்து நின்றாலும், பிரேக் டிரம்முக்குள்ளும் போல்ட்டுகளின் மரையிலும் துருவேறித்தான் இருக்கும். பழுது பார்க்கையில் ஒவ்வொரு போல்ட்டும் திருகும்போதே முறியும். அடிப்பக்கம் படுத்து, டார்ச் விளக்கடித்து, பொரிந்த துரு எங்கேனும் தென்பட்டால், அந்த வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இல்லாத டிராக்டர், இந்தச் சரிவான பூமியில் உயிருக்கு உலை வைக்கும். ஃபெர்குசன், மாஸி 35 போன்றவை பிறந்த காலத்தில் அது கிடையாது. பிற்பாடு பொருத்தியிருக்க வேண்டும். வேலைத்தலத்தில் டிராக்டருக்கு அது இருக்க வேண்டும் என்பது நியூசிலாந்துச் சட்டம். ஆனால் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், மாலையில் நீங்கள் வீடு திரும்புவதை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகளுக்காகவாவது, தரச்சான்றுத் தகடு உள்ள சட்டகமும் சீட் பெல்ட்டும், கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின்மேல் மூடியும் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டறையில் யாரோ வளைத்து ஒட்டவைத்த குழாய் சட்டகமாகாது.

பணம் கொடுக்குமுன் இன்னொரு காரியம். வண்டியின்மேல் பழைய கடன் நிற்கிறதா என்பதை அரசாங்கத்தின் அடமானப் பதிவேட்டில், விற்பவர் பெயரையும் வண்டி எண்ணையும் கொடுத்துச் சிறு கட்டணத்தில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். கடன் தீராத வண்டியைக் கடன் கொடுத்தவர் வந்து எடுத்துப் போக இடமுண்டு.

கப்பலேற்றுவதற்கு முன்பு டயர் இடுக்கிலும் கலப்பை முனையிலும் ஒட்டிய மண்ணை முற்றும் கழுவிவிட வேண்டும். இந்நாட்டுக்கே உரிய கவுரி மரங்களை அழிக்கும் வேர்நோய் மண்ணின் வழியாகவே பரவுகிறது. களை விதைகளும் அயல்நாட்டு எறும்புகளும் அப்படியே. அதே பிரயாணத்தில் ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர்கள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் குழாய்கள், ஒரு ஹெட் கேஸ்கெட், ஒரு டின் ஹைட்ராலிக் ஆயில், அந்த மாதிரிக்கு உரிய பழுதுபார்ப்புப் புத்தகம் ஆகியவற்றையும் பெட்டியில் வைத்துக் கட்டி வண்டியோடு அனுப்பிவிடுங்கள். தீவில் அதே ரக டிராக்டர் வைத்திருப்பவர் யார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து அறிந்திருந்தால், அந்தப் பெட்டியில் இல்லாத சாமானையும், புத்தகத்தில் இல்லாத யோசனையையும் அவரிடம் போய்க் கேட்டுப் பெறலாம்.