தூசுக்குள் மறைந்த நட்சத்திர மண்டலங்கள்

இரவு வானத்தை அண்ணாந்து நோக்குவோர்க்கு ஒளியுள்ள இடமே கண்ணிற் படும். இருண்ட இடத்தை வெறுமை என்று கருதிவிடுவது மனித இயல்பு. அவ்வாறு கருதுவது பொருந்தாது என்பதை வானியல் அறிஞர் எடுத்துக் காட்டிய வரலாறு, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே படிக்கத் தக்கதாகும்.

1995ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஹபிள் விண்தொலைகாட்டி சப்தரிஷி நட்சத்திரங்கள் தோன்றும் திசையிலே வானத்தின் மிகச் சிறிய ஒரு பகுதியைப் பத்து நாட்கள் தொடர்ந்து படம் பிடித்தது. வெறுமையெனத் தோன்றிய அவ்விடத்தில் ஏறக்குறைய 3,000 நட்சத்திர மண்டலங்கள் காணப்பட்டன. வண்ணம் மிக்க அப்படம் உலகெங்கும் புகழ் பெற்றது.

ஆயினும், அப்படத்திலே அகப்படாத பொருளும் அங்கு இருந்தது. 1998இல், ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையுச்சியிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைகாட்டியினால் டேவிட் ஹியூஸ் முதலிய அறிஞர் அதே பகுதியை ஆராய்ந்தனர். 15 மீற்றர் அகலமுடைய அத்தொலைகாட்டி, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளமுடைய கதிர்களை ஏற்பது. காற்றிலுள்ள நீராவி அக்கதிர்களை விழுங்கிவிடுமாதலின், உயர்ந்து வறண்ட மலையுச்சி வேண்டப்பட்டது. அங்கே ஐந்து புள்ளிகள் தென்பட்டன. அவற்றுள் மிகப் பிரகாசமானது எச்.டி.எப். 850.1 எனப் பெயர் பெற்றது. ஹபிள் படத்திலோ அதனை இன்னதென்று சுட்ட எவராலும் இயலவில்லை!

இது எவ்வாறு நேர்ந்தது? நட்சத்திரங்களிடையே பரந்துள்ள தூசு, அடுப்புப் புகையின் கரித்துகளைப் போன்ற நுண்பொருள். அது நட்சத்திர ஒளியை விழுங்கிச் சிறிது வெப்பமடைந்து, அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிராக வெளியிடுகின்றது. நட்சத்திரங்கள் இதுவரை சிந்திய ஒளியில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு மாற்றமடைந்ததென்பது, 1990களிற் கோப் செயற்கைக்கோளின் அளவீடுகளால் தெளிவாயிற்று. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பினால், பிரபஞ்ச வரலாற்றிற் பாதியை நாம் இழந்துவிடுவோம்.

எச்.டி.எப். 850.1 எவ்வளவு தூரத்திலுள்ளது என்பதை அறிய 14 ஆண்டுகள் சென்றன. 2012இல் பேபியன் வால்டர் முதலியோர், பிரான்ஸ் நாட்டு அல்ப்ஸ் மலையிலுள்ள வானொலித் தொலைகாட்டிகளின் துணையுடன், அம்மண்டலத்துக் காபனோரொட்சைட்டு வாயு விடுக்கும் கதிர்களை அளந்து விடை கண்டனர். அதன் ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 1,250 கோடி ஆண்டுகள் பிடித்தன. நமது பால்வீதியில் ஓராண்டிற் சில சூரியன்களுக்கு நிகரான பொருளே புதிய நட்சத்திரங்களாகின்றது. அங்கோ ஓராண்டில் ஏறக்குறைய 850 சூரியன்களுக்கு நிகரான பொருள் நட்சத்திரங்களாகிக் கொண்டிருந்தது.

இன்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்ததும், இணையத்தில் எத்தனை பேர் அதனைத் திறந்தனர், எத்தனை பேர் பிறருக்கு எடுத்துரைத்தனர் என்றெல்லாம் எண்ணிக் காட்டும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. வண்ணப் படமுள்ள செய்தி பலரையும் எளிதில் ஈர்க்கும். தூசு மண்டலங்களைப் பற்றிய கட்டுரையிலோ மங்கிய புள்ளிகளும் வளைந்த கோடுகளுமே பெரும்பாலும் இருக்கும். எண்ணிக்கை பார்த்தவர் தொகையைக் கூறுமேயன்றிப் பொருளின் பெருமையைக் கூறாது. அந்த மங்கிய புள்ளியை அறிஞர் 14 ஆண்டுகள் கைவிடாது பின்தொடர்ந்தமையாலன்றோ இவ்வுண்மை வெளிப்பட்டது!

மாணவர்களுக்கு இன்று ஒரு நல்வாய்ப்பும் உண்டு. 1991இற் போல் கின்ஸ்பார்க் என்னும் பௌதிக அறிஞர் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில், மேற்கூறிய இரு கட்டுரைகளையும் எவரும் பணமின்றிப் படிக்கலாம். அவற்றின் ஆங்கிலமும் கணிதமும் கடினமாகத் தோன்றக்கூடும். எனினும், முதலிலுள்ள சுருக்கத்தையேனும் ஆசிரியரின் துணையுடன் ஒரு முறை படித்துப் பாருங்கள். பிறர் சொல்லக் கேட்ட செய்தியை மூலத்திலேயே கண்டறியும் பழக்கம் அங்கிருந்து தொடங்கும்.